எம்டிபிஎஃப் 10 வருஷம்னா பம்ப் 10 வருஷம் ஓடுமா? நம்பகத்தன்மை ரிப்போர்ட்டை எங்க அழுத்திப் பாக்கணும்

உங்க கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் விஷயம் இதுதான்: ஒரு நீரேற்று நிலையத்துக்கு கன்சல்டன்ட் ஒருத்தர் நம்பகத்தன்மை மதிப்பீடு பண்ணி ரிப்போர்ட் கொடுத்திருக்கார், அதுல பம்போட எம்டிபிஎஃப் (ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவுல வர்ற சராசரி நேரம்) 87,600 மணி நேரம், ஒண்ணு ஓட ஒண்ணு ஸ்டேண்ட்பையா இருக்கறதால ரெண்டும் சேர்ந்து நம்பகத்தன்மை 99.99 சதவீதம், மெயின் பைப்லைன் இன்னும் 25 வருஷத்துக்கு மேல தாங்கும்னு போட்டிருக்கு, இதை நம்பி பட்ஜெட் போடலாமானு கேக்கறீங்க. மேலோட்டமா பாத்தா நம்பர் சரியா தப்பானு கேக்கற மாதிரி இருக்கு. ஆனா உள்ள இருக்கற கேள்வி, இந்த மாதிரி நம்பரெல்லாம் எங்கேருந்து முளைக்குது, அதுல எவ்வளவு எடை வைக்கலாம்ங்கறதுதான். நான் சுழலும் மெஷின் மெயின்டனன்ஸ்ல ஆரம்பிச்சு ரொம்ப வருஷமா இந்த நம்பகத்தன்மை கணக்கு பக்கமே இருக்கேன். பாலம், கட்டிடம் மாதிரி ஸ்ட்ரக்சர் விஷயம் எனக்கு படிப்பாலயும் கூட வேலை பார்த்தவங்களாலயும் தெரிஞ்சதுதான், நேரடி அனுபவம் கிடையாது. உங்க டேட்டாவைப் பாக்காம உங்க பம்ப் நல்லதா மோசமானு சொல்ல முடியாது, ஆனா அந்த ரிப்போர்ட்டை எந்தெந்த இடத்துல விரல் வச்சு அழுத்தினா சத்தம் வரும்னு சொல்ல முடியும்.

முதல்ல எம்டிபிஎஃப். 87,600 மணி நேரம்னா சரியா 10 வருஷம். இதைப் பாத்த உடனே எல்லாரும் "அப்ப 10 வருஷம் கவலை இல்ல"னு நினைக்கறாங்க, அது தப்பு. ஃபெயிலியர் விகிதம் எப்பவும் ஒரே மாதிரி இருக்குனு வச்சுக்கிட்டுதான் இந்த நம்பரை பொதுவா சொல்றாங்க, அந்த கணக்குல 10 வருஷம் முடியறப்ப ஒரு தடவை கூட ஃபெயில் ஆகாம இருக்க வாய்ப்பு வெறும் 37 சதவீதம். மீதி 63 சதவீதம் அதுக்குள்ள ஒரு தடவையாவது படுத்துடும். 25 வயசுக்காரங்க 1,000 பேர்ல வருஷத்துக்கு ஒருத்தர் இறக்கறாங்கனு வச்சுக்கோங்க, இதே கணக்கைப் போட்டா சராசரி ஆயுள் 1,000 வருஷம்னு வரும், யாரும் அப்படி வாழப்போறதில்லனு நமக்குத் தெரியும், ஏன்னா அந்த விகிதம் அந்த வயசுக்கு மட்டும்தான் உண்மை. எம்டிபிஎஃப் ஆயுளைச் சொல்றதில்ல, அந்த காலகட்டத்துல எவ்வளவு அடிக்கடி பழுது வரும்னு மட்டும்தான் சொல்லுது. அதே சமயம் பட்ஜெட்டுக்கு அது உபயோகமானதுதான்: ஒரே மாதிரி 20 பம்ப் இருந்து எம்டிபிஎஃப் 10 வருஷம்னா வருஷத்துக்கு சராசரியா 2 பழுது எதிர்பாக்கலாம், அதுக்கு ஸ்பேரும் ஆளும் வச்சுக்கலாம். ஒரே ஒரு பம்ப் வச்சிருக்கறவருக்கு அது அடுத்த ஒரு வருஷத்துல ஏறக்குறைய 9.5 சதவீதம் ரிஸ்க்னு சொல்லுது, அதுக்கு மேல எதுவும் சொல்லலை.

சரி, விகிதம் எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்குமா? காலேஜ்ல பாத்டப் வளைவு சொல்லிக் கொடுப்பாங்க, ஆரம்பத்துல அதிகம், நடுவுல தட்டை, கடைசில தேய்மானத்தால மறுபடி ஏறும்னு. 1978ல நௌலன், ஹீப்னு ரெண்டு பேர் யுனைடெட் ஏர்லைன்ஸ் டேட்டாவை வச்சு அமெரிக்க பாதுகாப்புத் துறைக்கு எழுதின ரிப்போர்ட்ல விமான பாகங்களை ஆறு வகையா பிரிச்சு பாத்தாங்க, அந்த பாத்டப் வடிவத்துல வந்தது 4 சதவீதம்தான். 68 சதவீதம் ஆரம்பத்துல அதிகமா ஃபெயில் ஆகி அப்புறம் தட்டையா போன வகை. மொத்தத்துல 89 சதவீத பாகத்துக்கு குறிப்பிட்ட வயசுக்கு மேல மாத்தறதால தெளிவா எந்த லாபமும் தெரியலை. இதைப் படிச்சுட்டு "வயசுக்கும் ஃபெயிலியருக்கும் சம்பந்தமே இல்ல"னு பேசறவங்களும் இருக்காங்க, அவங்களோட எனக்கு ஒத்துப்போகாது. அது விமானத்துல இருக்கற சிக்கலான எலக்ட்ரானிக்ஸ், ஹைட்ராலிக் பாகங்களோட டேட்டா. பேரிங், மெக்கானிக்கல் சீல், இம்பெல்லர், துருப்பிடிக்கற பைப் இதெல்லாம் நிஜமாவே தேயும். எந்த வயசுல ஃபெயில் ஆச்சுங்கற டேட்டாவை அலச வெய்புல்னு ஒரு புள்ளியியல் முறை இருக்கு, அதுல வர்ற பீட்டாங்கற எண் 1க்கு கீழ வந்தா ஆரம்பகால கோளாறு, 1க்கு பக்கத்துல வந்தா எப்ப வேணா வரலாம், 1ஐ விட நல்லா மேல போனா தேய்மானம்.

இதுல ஒரு வலை இருக்கு. சீல் கசிவு, மோட்டார் வைண்டிங் எரிஞ்சது, ஆப்பரேட்டர் வால்வை மூடிட்டு ஓட்டினது எல்லாத்தையும் ஒரே பையில கொட்டி கணக்கு பண்ணினா, தனித்தனியா பாத்தா பீட்டா 3 வர்ற விஷயம் கூட கலந்து போய் 1க்கு பக்கத்துல வந்து நிக்கும், உடனே "பாருங்க, விகிதம் மாறலை"னு எம்டிபிஎஃப் எழுதிடுவாங்க. அதுக்கும் மேல, பேரிங்கை ரெகுலரா முன்கூட்டியே மாத்திட்டு வந்திருந்தா தேய்மான ஃபெயிலியர் டேட்டாவுலயே இருக்காது, ஏன்னா வர விடலை. அந்த டேட்டாவைப் பாத்து "பேரிங் பிரச்சனையே இல்ல, மாத்தறதை நிறுத்தலாம்"னு சொன்னா அடுத்த ரெண்டு வருஷத்துல தெரியும் சேதி. அதனால உங்க கன்சல்டன்ட்கிட்ட கேக்க வேண்டிய முதல் விஷயம், ஃபெயிலியரை வகை வகையா பிரிச்சாரா, முன்கூட்டியே மாத்தினதையெல்லாம் கணக்குல எப்படி சேர்த்தார்ங்கறது.

அதோட எதை ஃபெயிலியர்னு எடுத்தார்னும் கேளுங்க, இது சின்ன விஷயமா தெரியும், ஆனா பாதி சண்டை இங்கதான். பம்ப் ஓடுது, ஆனா டிசைன் அளவுல 70 சதவீதம்தான் தண்ணி தள்ளுது, இது ஃபெயிலியரா இல்லையா? லாக்புக்ல "பம்ப் ரன்னிங்"னுதான் இருக்கும். கடைசி வீட்டுக்கு தண்ணி போகலைனா அவங்களுக்கு அது ஃபெயிலியர்தான். அதே மாதிரி அவைலபிலிட்டியும் (மொத்த நேரத்துல எவ்வளவு பங்கு ஓடத் தயாரா இருந்துச்சுங்கறது) ரிலையபிலிட்டியும் (நடுவுல பழுதாகாம ஓடற வாய்ப்பு) ஒண்ணுனு குழப்பிக்கறாங்க. 99.9 சதவீத அவைலபிலிட்டினா வருஷத்துக்கு 8.76 மணி நேரம் நிக்கலாம்னு அர்த்தம். அது ஒரே மூச்சுல ராத்திரி முழுக்க நின்னதாவும் இருக்கலாம், 500 தடவைக்கு மேல ஒரு ஒரு நிமிஷம் டிரிப் ஆனதாவும் இருக்கலாம், நம்பர் ஒண்ணுதான். மேல டேங்க் இருக்கற நிலையத்துக்கு ஒரு நிமிஷ டிரிப் ஒண்ணுமே இல்ல, ஆனா அந்த 500 ஸ்டார்ட் மோட்டாருக்கும் பைப்ல வர்ற அழுத்த அதிர்ச்சிக்கும் நல்லதில்ல.

இப்ப அந்த 99.99. எனக்கு உங்க கேள்வியிலேயே அதிகமா உறுத்தினது இதுதான். எங்கேருந்து வந்திருக்கும்னு சுலபமா ஊகிக்கலாம்: ஒரு பம்ப் தேவைப்படறப்ப வேலை செய்யாம போக வாய்ப்பு 100ல 1, ரெண்டும் சேர்ந்து போக 0.01 பெருக்கல் 0.01, அதாவது 10,000ல 1, முடிஞ்சுது கதை. பெருக்கல் சரிதான். ஆனா பெருக்கறதுக்கு ஒரு நிபந்தனை இருக்கு, ஒண்ணு போறதுக்கும் இன்னொண்ணு போறதுக்கும் எந்த சம்பந்தமும் இருக்கக்கூடாது. உங்க ரெண்டு பம்பும் ஒரே சம்ப்ல இருந்து உறிஞ்சுதா? ஒரே மின்சார பேனலா? ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே பேட்ச் சீலா? ஒரே டெக்னீஷியன் ஒரே நாள்ல ரெண்டுக்கும் அலைன்மென்ட் பண்ணினாரா? இதுல ஒண்ணு ஆமான்னா கூட அந்த பெருக்கல் ஆட்டம் காணும். இதுக்கு பொது காரண ஃபெயிலியர்னு பேரு, பீட்டா ஃபேக்டர்னு ஒரு எளிய முறையில கணக்குல சேர்ப்பாங்க (வெய்புல் பீட்டா வேற, இது வேற). 10 சதவீத ஃபெயிலியர் ரெண்டையும் சேர்த்து அடிக்கும்னு எடுத்தா ரெண்டும் போற வாய்ப்பு 10,000ல 1லேருந்து ஏறக்குறைய 1,000ல 1க்கு வந்துடும். பத்து மடங்கு. மூணாவது பம்ப் வாங்கி வச்சாலும் அந்த 1,000ல 1 அப்படியேதான் இருக்கும், காசுதான் போகும்.

இது புத்தகக் கணக்கு இல்லனு காட்ட நிறைய சம்பவம் இருக்கு. 1996 ஜூன் 4ல ஏரியான் 5 ராக்கெட் முதல் தடவை கிளம்பினப்ப திசை, வேகம் காட்டற கம்ப்யூட்டர் ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு போனா இன்னொண்ணுனு. ரெண்டுலயும் ஏரியான் 4லேருந்து எடுத்த அதே சாஃப்ட்வேர், ஒரு பெரிய எண்ணை 16 பிட்டுக்குள்ள அடைக்கப் போய் சுமார் 37வது வினாடியில ரெண்டுமே அடுத்தடுத்து செத்துச்சு, ஸ்டேண்ட்பைதான் முதல்ல போச்சு. 1989 ஜூலை 19ல யுனைடெட் 232 விமானத்துல மூணு தனித்தனி ஹைட்ராலிக் சிஸ்டம், மூணும் ஒரே நேரத்துல போக வாய்ப்பே இல்லனுதான் டிசைன். வால் எஞ்சினோட ஃபேன் டிஸ்க் உடைஞ்சு சிதறினதுல மூணோட குழாயும் அறுந்து போச்சு, ஏன்னா வால் பகுதியில மூணும் பக்கத்துல பக்கத்துல போச்சு. மீதி ரெண்டு எஞ்சினோட வேகத்தை மாத்தி மாத்தி விமானிங்க இறக்கினதால 296 பேர்ல 184 பேர் பிழைச்சாங்க. 2011 மார்ச் 11ல சுனாமி அடிச்ச ஃபுகுஷிமா அணுமின் நிலையத்துல டீசல் ஜெனரேட்டருக்கு பஞ்சமே இல்ல, ஆனா பெரும்பாலானது கீழ்மட்டத்துல, தண்ணி வந்தா எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல வர்ற மாதிரி. ஆறாவது யூனிட்ல, தண்ணிக்கு பதிலா காத்து குளிர்விக்கற ஒரே ஒரு ஜெனரேட்டர் ஓடிச்சு, அதை வச்சுதான் அஞ்சாவதையும் ஆறாவதையும் காப்பாத்தினாங்க. அந்த ஒண்ணு பிழைச்சது எப்படினா, அது மத்ததை விட வேற இடம், வேற வகை. நான் ரிடன்டன்சியைப் பத்தி (ஒண்ணு போனா இன்னொண்ணுனு கூடுதலா வச்சுக்கறது) யாராவது பேசினா எத்தனைனு கேக்கறதை விட எவ்வளவு வித்தியாசமா இருக்குனுதான் கேப்பேன்.

ஸ்டேண்ட்பை பம்புக்கு இன்னொரு சங்கதி. ஓடாம நிக்கற மெஷின் கெட்டுப்போனா யாருக்கும் தெரியாது, ஸ்டார்ட் பண்ற அன்னிக்குத்தான் தெரியும். பாதுகாப்பு சிஸ்டம் ஆளுங்க இதுக்கு ஒரு எளிய சூத்திரம் வச்சிருக்காங்க, தேவைப்படறப்ப கை விடற சராசரி வாய்ப்பு ஏறக்குறைய ஃபெயிலியர் விகிதத்தை டெஸ்ட் இடைவெளியால பெருக்கி ரெண்டால வகுத்தது. மணிக்கு 10 லட்சத்துல 1 விகிதம், வருஷத்துக்கு ஒரு தடவை டெஸ்ட்னா 0.0044 வரும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைனு சோம்பினா அது 0.0088. பார்ட்ஸ் ஒண்ணு கூட மாத்தலை, டெஸ்ட் தேதியை மட்டும் தள்ளிப்போட்டீங்க, ரிஸ்க் ரெண்டு மடங்கு. அதனால ரிப்போர்ட்ல டெஸ்ட் இடைவெளி என்னனு எழுதாம ஸ்டேண்ட்பைக்கு நம்பகத்தன்மை நம்பர் போட்டிருந்தா அந்த வரியை அப்படியே அடிச்சுடலாம். டெஸ்ட்னா சும்மா ரெண்டு நிமிஷம் சுத்தி விடறதில்ல, லோடுல ஓட்டணும்.

"இதுவரைக்கும் ஃபெயிலே ஆகலை"ங்கற வாதமும் வரும். 50 தடவை ஸ்டார்ட் பண்ணி 50 தடவையும் ஓடிச்சுனா அழகுதான், ஆனா 95 சதவீத நம்பிக்கையோட சொல்லணும்னா ஃபெயிலியர் வாய்ப்பு 6 சதவீதத்துக்குள்ள இருக்குனுதான் சொல்ல முடியும். 3ஐ முயற்சி எண்ணிக்கையால வகுத்துக்கோங்க, அவ்வளவுதான் கணக்கு. 10,000ல 1னு டெஸ்ட்டால மட்டும் நிரூபிக்கணும்னா ஒரு ஃபெயிலியர் கூட இல்லாம 30,000 ஸ்டார்ட் வேணும். சேலஞ்சர் விண்வெளி ஓட விபத்துக்கு அப்புறம் 1986ல இயற்பியலாளர் ஃபெய்ன்மேன் விசாரணை ரிப்போர்ட்டுக்கு எழுதின பின்னிணைப்புல இதே கதைதான்: விண்கலத்தை இழக்கற வாய்ப்பு 100ல 1லேருந்து 1,00,000ல 1 வரைக்கும் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, பெரிய நம்பர் வேலை பாக்கற எஞ்சினியர்கிட்டேருந்தும் ரொம்ப சின்ன நம்பர் நிர்வாகத்துகிட்டேருந்தும் வந்துச்சு. கடைசியில மொத்தம் 135 பயணம், 2 இழப்பு. ஏறக்குறைய 67ல 1.

பைப்லைன் 25 வருஷத்துக்கு வருவோம். இது பொதுவா சுவர் தடிமன் அளந்து, எவ்வளவு குறைஞ்சிருக்குனு பாத்து, அதே வேகத்துல போனா எப்ப தீரும்னு கணக்கு பண்றது. ஒரு உதாரணம் போட்டுப் பாக்கறேன். 10 மி.மீ. பைப், 20 வருஷம் கழிச்சு அல்ட்ராசோனிக்ல 8.8 காட்டுது, குறைஞ்சபட்சம் 6.8 வேணும். வருஷத்துக்கு 0.06 மி.மீ., மீதி 2 மி.மீ., ஆக 33 வருஷம், கையெழுத்து போட்டாச்சு. ஆனா அது போட்ட அன்னிக்கு நிஜமாவே 10 மி.மீ. இருந்துச்சானு யாரும் அளக்கலை, தயாரிப்புலயே கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். 9.4ஆ இருந்திருந்தா தேய்மானம் வருஷத்துக்கு 0.03, மீதி ஆயுள் 66 வருஷம். 10.6ஆ இருந்திருந்தா 0.09, மீதி 22 வருஷம். அளவீட்டுக் கருவியோட பிழையை நான் இன்னும் சேர்க்கவே இல்ல. இதுவும் சீரா தேயற பைப்புக்குத்தான். குழி குழியா அரிக்கற துருவுக்கு இந்த சராசரி எதுக்கும் உதவாது, நீங்க அளந்த இடத்துல 8.8 இருக்கும், அரை அடி தள்ளி ஓட்டை விழுந்துட்டிருக்கும்.

பைப் உடைப்பு ரெக்கார்டை வச்சு கணக்கு பண்ணியிருந்தா வேற சிக்கல். பைப் பல தலைமுறையா மண்ணுக்குள்ள இருக்கும், ரெக்கார்ட் கம்ப்யூட்டர்ல ஏத்த ஆரம்பிச்சது கொஞ்ச காலமாத்தான். அதுக்கு முன்னாடி உடைஞ்சு மாத்தின மோசமான பைப்பெல்லாம் லிஸ்ட்லயே கிடையாது, இப்ப மிச்சம் இருக்கற பழசு எல்லாம் கெட்டியானது மட்டும். அதைப் பாத்தா பழைய பைப்தான் ரொம்ப நல்லதுங்கற மாதிரி வரும். கொஞ்சம் உண்மையும் இருக்கு, பழைய முறையில வார்த்த இரும்பு பைப் சுவர் தடிமனாத்தான் இருந்துச்சு, பின்னாடி வந்ததுல மெலிசாச்சு. எது நிஜமான தரம், எது ரெக்கார்டோட ஓட்டைனு பிரிக்கறது கஷ்டம், ஆனா பிரிக்க முயற்சி பண்ணினாரானு கேக்கலாம். இன்னும் உடையாத பைப்பை கணக்குலேருந்து விட்டிருந்தா ஆயுள் குறைச்சலா வரும், முன்னாடியே செத்ததை விட்டிருந்தா அதிகமா வரும், ரெண்டு பக்கமும் இழுக்கும்.

கண்டிஷன் ஸ்கோர் பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா உங்க ரிப்போர்ட்ல 1 முதல் 5 வரை மார்க் போட்டிருக்கறதா எழுதியிருந்தீங்க. கண்ணுக்குத் தெரியற நிலைமையும் நம்பகத்தன்மையும் ஒண்ணு இல்ல. 2007 ஆகஸ்ட் 1ல மினியாபோலிஸ்ல விழுந்த ஐ-35டபிள்யூ பாலத்துல ரொம்ப வருஷமா துரு, விரிசல்னு இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் வந்துட்டேதான் இருந்துச்சு. விழுந்தது அதனால இல்ல, இரும்பு உறுப்புகளை இணைக்கற தகடுகள் சில, டிசைன்லயே தேவையானதுல பாதி தடிமன்தான் இருந்துச்சு, அன்னிக்கு மேல வேலைக்காக ஏத்தி வச்ச பாரம் சேர்ந்துச்சு, 13 பேர் செத்தாங்க. தகடு மெலிசுனு எந்த இன்ஸ்பெக்டர் கண்ணுக்கும் படாது, ஏன்னா அது தேயலை, பிறவியிலேயே அப்படி. ஜெனோவாவுல 2018 ஆகஸ்ட் 14ல 43 பேரைக் கொன்ன மொராண்டி பாலத்துல தாங்கு கம்பிகள் கான்கிரீட்டுக்குள்ள மூடி இருந்துச்சு, உள்ள அரிக்கறது வெளிய தெரியாது. பாக்கற கண்ணும் ஆளுக்கு ஆள் மாறும்: அமெரிக்காவுல 2001ல நெடுஞ்சாலைத் துறை பண்ணின ஆய்வுல ஒரே பாலத்துக்கு வேற வேற இன்ஸ்பெக்டர் போட்ட மார்க் சராசரியிலேருந்து ரெண்டு புள்ளி வரைக்கும் விலகிச்சு, மொத்த ஸ்கேலே 0லேருந்து 9தான். அதோட பத்து மார்க்கை சராசரி எடுத்து ஒரே ஹெல்த் இன்டெக்ஸ் ஆக்கறது எனக்கு பிடிக்காத வழக்கம். ட்ரான்ஸ்ஃபார்மர்ல எண்ணெய் நல்லா இருக்கு, டேங்க் நல்லா இருக்கு, பெயின்ட் பளபளனு இருக்கு, ஒரு புஷிங் (கம்பி டேங்குக்குள்ள போற இடத்துல இருக்கற இன்சுலேட்டர்) மட்டும் போகப்போகுதுனா சராசரி 4.5னு சிரிக்கும், புஷிங் வெடிச்சா எல்லாமே போகும். சராசரி பாக்காதீங்க, மோசமான மார்க் எதுனு பாருங்க.

அப்ப எதை நம்பலாம்? வரிசையை ஓரளவு நம்பலாம். ஒரே ஆள், ஒரே முறை, ஒரே டேட்டானா இந்த பம்ப் அந்த பம்பை விட மோசம்ங்கறது பொதுவா நிக்கும், அந்த நம்பர் ரெண்டு மடங்கு தப்பா இருந்தாலும் வரிசை அவ்வளவா மாறாது. அடிக்கடி வர்ற சின்ன பழுதோட எண்ணிக்கையையும் நம்பலாம், அதுக்கு டேட்டா இருக்கும். அபூர்வமான பெரிய ஃபெயிலியருக்குப் போட்ட நம்பர் வேற ஜாதி, அது பெரும்பாலும் அனுமானம். ஐரோப்பிய கட்டுமான விதியில சாதாரண கட்டிடத்துக்கு 50 வருஷத்துக்கு நம்பகத்தன்மை குறியீடு 3.8னு இருக்கு, வாய்ப்பா மாத்தினா 1,00,000ல ஏறக்குறைய 7. அது டிசைன்களை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட வச்ச அளவுகோல், நிஜத்துல இத்தனை கட்டிடம் விழும்ங்கற ஜோசியம் இல்ல, ஏன்னா வரைபடத்துல பண்ணின தப்பு, கட்டினவங்க விட்ட குறை இதெல்லாம் அந்த நம்பருக்குள்ள வரவே இல்ல.

பட்ஜெட்டுக்கு நான் பண்ணச் சொல்றது இது. ஒவ்வொரு முக்கியமான நம்பருக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை கேளுங்க, ஒத்தை நம்பரா கொடுத்தா திருப்பி அனுப்புங்க. அப்புறம் மோசமான எல்லையை வச்சுப் பாருங்க: பைப் 25க்கு பதிலா 12 வருஷம்தான்னா அடுத்த மூணு வருஷ செலவுல ஏதாவது மாறுமா? மாறலைனா விவாதத்தை விடுங்க, அந்த துல்லியம் உங்களுக்குத் தேவையே இல்ல. மாறும்னா மாத்தற செலவுக்கு முன்னாடி அளக்கற செலவைப் பண்ணுங்க, அதே இடத்துல குறி வச்சு ரெண்டு மூணு வருஷ இடைவெளியில திரும்ப அளந்தா ஆரம்ப தடிமன் என்னங்கற குழப்பமே தேவைப்படாது. இடைவெளி ரொம்ப குறைச்சலா வச்சா மட்டும் கருவிப் பிழைதான் தேய்மானம் மாதிரி தெரியும், அதைப் பாத்துக்கோங்க. பம்புக்கு அந்த 99.99ஐ பொது காரணம் சேர்த்து மறுபடி போடச் சொல்லுங்க, ரெண்டுக்கும் வேற வேற ஃபீடர்லேருந்து (மின்சாரம் வர்ற லைன்) கரண்ட் கொடுக்க முடியுமானு மின்சாரப் பிரிவுகிட்ட கேளுங்க, மூணாவது பம்ப் வாங்கறதை விட அதுக்கு செலவு குறைச்சலா வர நிறைய வாய்ப்பு இருக்கு. லாக்புக்ல "பழுது சரி செய்யப்பட்டது"னு எழுதறதை நிறுத்திட்டு எந்த பாகம், எப்படி போச்சு, எத்தனை மணி நேரம் ஓடினப்புறம் போச்சுனு தனித்தனியா மூணு கட்டம் போட்டு எழுத வைங்க. அடுத்த ரிப்போர்ட் எழுத வர்றவர் யாரா இருந்தாலும் அவருக்கு இன்னிக்கு இருக்கறதை விட நல்ல டேட்டா கையில இருக்கும். அந்த ரிப்போர்ட்ல எந்த டேட்டாலேருந்து எம்டிபிஎஃப் எடுத்தாங்கனு ஒரு அட்டவணை இருந்தா பேரை மறைச்சுட்டு இங்க போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.